ஸ்டடி பெர்மிட்டும் சபுராளி விசாவும்: பெற்றோர் அறிய வேண்டியவை



நமதூரில் சபுராளி இல்லாத வீடு குறைவு. வாப்பாமார்கள் சவூதிக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் போனார்கள். அவர்களுக்கு முந்தியவர்கள் கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போனார்கள். அதனால் விசா விஷயத்தை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. கல்வி உதவி கேட்டும் ஆலோசனை கேட்டும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிற குடும்பங்களிடம் பேசும்போது, சிக்கல் பெரும்பாலும் அந்த எண்ணத்தில்தான் ஆரம்பிக்கிறது என்று தெரிகிறது. வளைகுடா விசாவைப் பற்றி நமக்குத் தெரிந்ததை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் கனடா படிப்புக்குப் பொருத்திப் பார்க்கிறோம். ஏமாற்றுகிற ஏஜெண்டுக்கு வேண்டியதும் அதுதான்.

வளைகுடாவில் கணக்கு எளிது. அங்கே ஒரு கஃபீல் இருக்கிறார், அவருக்கு ஆள் தேவை, விசா வருகிறது. ஏஜெண்டுக்குக் கடன் வாங்கியோ நகையை விற்றோ பணம் கொடுக்கிறோம். போய் இறங்கியதும் வேலை, மாதம் முடிந்ததும் சம்பளம். விசா என்றாலே வேலை என்றுதான் அர்த்தம். இதே கணக்கில்தான் இப்போது "கனடா விசா இத்தனை லட்சம்" என்று கல்யாண வீடுகளிலும் பேச்சு அடிபடுகிறது. ஆனால் கனடாவில் படிப்பதற்கான அனுமதிக்கு அந்நாட்டு அரசு வாங்கும் கட்டணம் 150 கனடா டாலர். கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் 85 டாலர். இரண்டையும் சேர்த்தால் நம் பணத்தில் ஏறக்குறைய 15,000 ரூபாய். மீதி லட்சங்கள் எதற்கு? கல்லூரிக் கட்டணம் ஒரு பகுதி. பிள்ளை அங்கே சாப்பிட்டு, வாடகை கொடுத்து வாழ்வதற்கான பணம் ஒரு பகுதி. மிச்சம் ஏஜெண்டின் கூலி. இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதித் தராமல் "மொத்தமா இவ்வளவு" என்று சொல்கிறவரிடம் அடுத்த பேச்சே வேண்டாம்.

எல்லா ஏஜெண்டும் மோசடிக்காரர் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். யார் ஒழுங்கு, யார் மோசடி என்று பிரித்துப் பார்க்கவாவது எந்தக் காகிதம் எதற்கு என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே சொல், பல காகிதங்கள்

முதல் காகிதம், கல்லூரி தரும் சேர்க்கைக் கடிதம். நம் பிள்ளைகள் இதை ஆஃபர் லெட்டர் என்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியல் கனடா அரசின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் இல்லாத கல்லூரியின் கடிதத்தை வைத்து ஒன்றும் நடக்காது. 2024 ஜனவரி 22 முதல், பெரும்பாலான படிப்புகளுக்கு அந்த மாகாண அரசு தரும் ஓர் உறுதிக் கடிதமும் சேர்ந்து வேண்டும். மாகாணத்துக்கு இத்தனை பேர் என்று கோட்டா வைத்துவிட்டார்கள். ஆகவே "எத்தனை பேர் வந்தாலும் அனுப்புவோம்" என்கிற விளம்பரப் பலகையை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, பாஸ்போர்ட்டில் ஒட்டி வரும் விசா. இது நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டும். மூன்றாவதுதான் ஸ்டடி பெர்மிட். விமானம் இறங்கும் இடத்தில் எல்லை அதிகாரி கேள்வி கேட்டு, காகிதங்களைப் பார்த்து, அதன் பிறகு கையில் தருவது அது. ஊரில் நமக்கு வருவது, விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்ற கடிதம்தான். விசாவில் உள்ள தேதியும் பெர்மிட்டில் உள்ள தேதியும் வெவ்வேறாக இருக்கலாம். அங்கே தங்குவதற்குக் கணக்கு பெர்மிட்டின் தேதி. அதில் அச்சடித்திருக்கும் நிபந்தனைகளை அந்த இடத்திலேயே நின்று வாசிக்கும்படி பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். தவறு இருந்தால் அங்கேயே கேட்பது எளிது.

அதிகமான குடும்பங்கள் தடுமாறுகிற இடம் இதற்கு அடுத்தது: வேலை.

ஸ்டடி பெர்மிட் படிப்பதற்கான அனுமதி. அதற்குள்ளேயே ஓரளவு வேலை செய்யவும் இடமிருக்கிறது. கல்லூரி நடக்கும் வாரங்களில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வரை வேலை செய்யலாம். 2024 நவம்பர் 8 முதல் இதுதான் விதி. கோடை விடுமுறை போன்ற, கல்லூரியே அறிவித்த விடுமுறைகளில் முழுநேரமும் பார்க்கலாம். முன்பு 20 மணி நேரமாக இருந்தது. இடையில், 2022 நவம்பர் முதல் 2024 ஏப்ரல் முடிய, அந்த வரம்பைத் தற்காலிகமாக எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் போன காக்காமார்கள் "நாங்க முழுநேரமும் வேலை பார்த்தோம்" என்று சொல்வது பொய்யல்ல. ஆனால் இன்று போகிற தம்பிக்கு அது பொருந்தாது. வகுப்பு தொடங்கும் முன் வேலைக்குப் போகக் கூடாது. படிப்பை விட்டுவிட்டால் வேலை செய்யும் உரிமையும் அத்துடன் போய்விடும். வரம்பை மீறிக் கையில் காசு வாங்கி வேலை செய்வது பெர்மிட்டின் நிபந்தனையை மீறுவதாகும். பிறகு கேட்கும் ஒவ்வொரு அனுமதியையும் அது பாதிக்கும்.

"பார்ட் டைம் பார்த்தே பீஸைக் கட்டிடலாம்" என்று ஏஜெண்ட் சொல்வதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்டாரியோ மாகாணத்தில் 2025 அக்டோபர் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். வாரம் 24 மணி நேரமும் வேலை கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 422 டாலர். மாதத்துக்கு ஏறக்குறைய 1,830 டாலர், அதுவும் பிடித்தங்களுக்கு முன்னால். கனடா அரசே ஒரு மாணவர் ஓராண்டு வாழ்வதற்குக் காட்டச் சொல்லும் தொகை, 2025 செப்டம்பர் 1 முதல், 22,895 டாலர். மாதத்துக்கு 1,900 டாலருக்குச் சற்று மேல். அதாவது வரம்பு முழுவதும் வேலை பார்த்தாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே சரியாகப் போதாது. கல்லூரிக் கட்டணம் அதற்கு மேல் தனி. ஊருக்கு அனுப்புவது பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டுக் கடனை அடைக்கத்தான் பிள்ளை போகிறான் என்றால், அவன் போக வேண்டிய வழி இது இல்லை.

படிப்பு முடிந்த பின் வேலை செய்வதற்கான ஒர்க் பெர்மிட் இன்னொரு தனிக் காகிதம். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கும். எல்லாக் கல்லூரிக்கும் எல்லாப் படிப்புக்கும் அது கிடையாது. கனடாவில் சில தனியார் கல்லூரிகள், ஓர் அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி அதன் பெயரிலேயே நடத்தின. சான்றிதழும் அந்த அரசுக் கல்லூரியின் பெயரில் வரும். 2024 மே 15 அன்றோ அதற்குப் பின்னரோ அப்படிப்பட்ட இடத்தில் படிப்பைத் தொடங்கியவர்களுக்குப் படித்த பின் ஒர்க் பெர்மிட் இல்லை. 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்கள், பட்டப்படிப்பு அல்லாத டிப்ளமா போன்றவற்றைப் படித்தால், அந்தப் படிப்பு அரசு குறித்துள்ள துறைகளுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்ச்சியும் காட்ட வேண்டும். ஆக, "இந்தக் கல்லூரி அரசுப் பட்டியலில் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது. "இந்தக் கல்லூரியின் இந்தப் படிப்புக்கு, முடித்த பின் ஒர்க் பெர்மிட் உண்டா" என்றும் கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அரசுத் தளத்தில் நாமே ஒத்துப் பார்க்க வேண்டும்.

பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமை இவை எல்லாவற்றையும் தாண்டிய விஷயம். படித்தவருக்கெல்லாம் அது வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. தருகிறவர் பொய் சொல்கிறார்.

இன்னொன்று, புதிதாக நிக்காஹ் ஆன தம்பதிகள் பற்றி. கணவன் படிக்கலாம், மனைவி முழுநேரம் வேலை பார்க்கலாம், அல்லது மனைவி படிக்க, கணவன் வேலை பார்க்கலாம் என்ற பேச்சை வைத்தே சில சம்பந்தங்கள் முடிவாகின்றன. 2025 ஜனவரி 21 முதல் அந்தச் சலுகை 16 மாதமோ அதற்கு மேலோ உள்ள முதுகலைப் படிப்பு, முனைவர் படிப்பு, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் படிப்பவரின் துணைவருக்கு மட்டும். ஓராண்டு டிப்ளமாவுக்குப் போகும் மாப்பிள்ளையை நம்பிப் பெண்ணையும் அனுப்பத் திட்டமிடுவோர் இதைக் கவனிக்கவும்.

2023-இல் பஞ்சாப் பிள்ளைகளுக்கு நடந்தது

கனடாவில் பெரிதாகப் பேசப்பட்ட சம்பவம் இது. பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்த மாணவர்கள். ஜலந்தரில் இருந்த ஓர் ஏஜெண்ட் மூலம் சென்றவர்கள் பலர். கையில் பெயர் பெற்ற கல்லூரிகளின் சேர்க்கைக் கடிதங்கள் இருந்தன. விசா கிடைத்தது. விமானம் ஏறினார்கள். அதுவரை எந்தச் சந்தேகமும் வர வழியில்லை. அங்கே போய்ச் சேர்ந்ததும் ஏஜெண்டிடமிருந்து தகவல் வந்தது: அந்தக் கல்லூரியில் இடம் நிரம்பிவிட்டது, அடுத்த பருவம் வரை காத்திருங்கள், இல்லையென்றால் வேறு கல்லூரியில் சேர்ந்துகொள்ளுங்கள். கட்டிய கல்லூரிப் பணத்தைச் சிலருக்குத் திருப்பியும் கொடுத்தார். பணம் திரும்பி வந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? அவர்கள் வேறு கல்லூரிகளில் சேர்ந்தார்கள், படித்தார்கள், முடித்தார்கள், வேலைக்கும் போனார்கள்.

சில ஆண்டுகள் கழித்து நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் பழைய கோப்பை அதிகாரிகள் எடுத்துப் பார்த்தார்கள். முதல் சேர்க்கைக் கடிதமே போலி. அந்தக் கல்லூரி அப்படி ஒரு கடிதத்தைத் தரவே இல்லை. நாட்டை விட்டு வெளியேற்றும் நடவடிக்கை ஆரம்பமானது. மாணவர்கள் டொரன்டோ அருகே வீதியில் உட்கார்ந்து போராடினார்கள். 2023 ஜூனில் அரசு வெளியேற்றத்தை நிறுத்திவைத்து, ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பரிசீலிக்கக் குழு அமைத்தது. உண்மையாகவே படிக்க வந்து ஏமாற்றப்பட்டவர்கள் என்று சிலர் ஏற்கப்பட்டார்கள். சிலர் ஏற்கப்படவில்லை. அந்த ஏஜெண்ட் கனடாவிலேயே பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2024-இல் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

கடிதம் போலி என்பது விசா கொடுத்த அதிகாரிக்கே அப்போது தெரியவில்லை. "விசா வந்திருச்சு, அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தப் பேச்சு எவ்வளவு பலவீனமானது என்று இதிலிருந்து புரியும். 2023 டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்த பிறகே விண்ணப்பத்தை எடுக்கிறார்கள். அதனால் போலிக் கடிதம் இப்போது முன்கூட்டியே பிடிபடும். ஆனால் பிடிபடும்போது சிக்கிக்கொள்வது விண்ணப்பத்தில் பெயர் உள்ள பிள்ளைதான். கல்லூரிக்கு நாமே நேரடியாக மின்னஞ்சல் எழுதி, மாணவர் எண்ணைக் கொடுத்து, இந்தக் கடிதம் உங்களுடையதா என்று கேட்கலாம். அதற்குப் பைசா செலவில்லை. கடிதத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு எழுதாமல், கல்லூரியின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுத வேண்டும்.

கையெழுத்து நம் பிள்ளையுடையது

நாங்கள் பார்த்த வரையில், பெரும்பாலான குடும்பங்கள் விண்ணப்பப் படிவத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஏஜெண்ட் தன் மின்னஞ்சலில் கணக்கைத் திறக்கிறார். பாஸ்வேர்டு அவரிடம். நிராகரிப்புக் கடிதம் வந்தாலும் அவருக்குத்தான் வரும். "எம்பஸியில லேட் ஆகுது" என்று ஆறு மாதம் ஓட்டுவார். நிராகரித்துப் பல வாரம் ஆகியிருக்கும். கணக்கு பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. இதற்கு முன் எந்த நாட்டிலாவது உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதா? சென்ற ஆண்டு இங்கிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ முயன்று மறுக்கப்பட்டிருந்தால் 'ஆம்' என்று எழுதி, காரணத்தைச் சொல்ல வேண்டும். "அதைச் சொன்னா கிடைக்காது" என்று ஏஜெண்ட் 'இல்லை' என்று குறித்துவிடுவார். விசா மறுக்கப்பட்டிருப்பது குற்றமல்ல. மறைப்பது குற்றம். கனடா சட்டத்தில் பொய்த் தகவல் தந்ததாக முடிவானால் ஐந்து ஆண்டுகள் அந்நாட்டுக்குள் நுழையத் தடை. "ஏஜெண்ட்தான் எழுதினார், எனக்குத் தெரியாது" என்ற பதில் பெரும்பாலும் எடுபடுவதில்லை.

அடுத்தது, பேங்க் பேலன்ஸ் காட்டுவது. இதை நாங்கள் மழுப்பாமல் சொல்லியாக வேண்டும். இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்ட, சில மாதங்களுக்குக் கணக்கில் பணம் போட்டுத்தர ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு வட்டி உண்டு. நம் அலுவலகத்திலேயே ஒரு தாய் கேட்டார்.

"காக்கா, பைத்துல்மால் பணம் சும்மாத்தானே பேங்க்ல கிடக்குது. ரெண்டு மாசத்துக்கு எங்க கணக்குல போட்டு வைங்க. தொடக்கூட மாட்டோம். வட்டிக்கு வாங்குறதுக்கு இது நல்லதுதானே?"

"லாத்தா, அது ஏழைகளோட அமானிதம். அதை எடுக்க எங்களுக்கு உரிமை இல்ல. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அங்க போய் இறங்கினதும் புள்ள எதைச் சாப்பிடுவான், சொல்லுங்க."

அவரிடம் பதில் இல்லை. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்தத் தொகை ஏதோ சடங்குக்காகக் கேட்கப்படுகிறது என்றே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது பிள்ளை உயிர் வாழ்வதற்கான பணம். 2024-க்கு முன் 10,000 டாலர் காட்டினால் போதும் என்றிருந்தது. அந்தப் பணத்தில் அங்கே வாழ முடியாமல் மாணவர்கள் உணவு வங்கிகளின் வாசலில் நின்றார்கள். அதன் பிறகுதான் தொகையை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தினார்கள். கடன் வாங்கிக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டால், முதல் மாத வாடகைக்கே பிள்ளை தவிக்கும். வட்டிப் பாவம் ஒன்று, பொய்ச் சாட்சியம் ஒன்று, பட்டினி ஒன்று.

ஜி.ஐ.சி. என்று ஏஜெண்ட் சொல்வது ஏதோ கட்டணம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கனடா வங்கியில் பிள்ளையின் பெயரிலேயே போடும் டெபாசிட். அங்கே போன பின் தவணை தவணையாக அவனுக்கே திரும்பி வரும். அதை ஏஜெண்டின் கணக்கில் கட்டச் சொன்னால் உஷாராகிவிடுங்கள்.

கனடா விண்ணப்பத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவும் நமக்காகப் பேசவும் உரிமை உள்ளவர்கள் யார் என்பதைச் சட்டமே சொல்கிறது. அந்நாட்டு வழக்கறிஞர்கள், அல்லது அங்குள்ள குடிவரவு ஆலோசகர்கள் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றவர்கள். பதிவு எண்ணைக் கொடுத்தால் அந்த அமைப்பின் இணையதளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம். கல்லூரியில் இடம் வாங்கித் தருகிற உள்ளூர் கன்சல்டன்சி வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் கல்லூரியே ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கிறது. "சர்வீஸ் ஃப்ரீ" என்று எழுதியிருப்பதன் பொருள் அதுதான். அதில் தப்பில்லை. ஆனால் அவர் காட்டும் மூன்று கல்லூரிகள், பிள்ளைக்கு ஏற்றவையா, அவருக்குக் கமிஷன் தருபவையா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வேலைக்கென்றே அழைத்தால்

படிக்க விருப்பமில்லாத பிள்ளைகளுக்கு, "நேரா ஒர்க் பெர்மிட்" என்று ஒரு விளம்பரம் வருகிறது. எல்.எம்.ஐ.ஏ. லெட்டர் ரெடி, இத்தனை லட்சம் என்பார்கள். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று முதலாளி அரசிடம் வாங்கும் ஒப்புதல் அது. அதற்கான 1,000 டாலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் அதை வசூலிப்பது சட்டவிரோதம். விலைக்கு வந்தாலே அதில் கோளாறு இருக்கிறது. "விசிட்ல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்பதும் பழைய கதை. கொரோனா காலத்தில் கொடுத்திருந்த அந்தச் சலுகையை 2024 ஆகஸ்ட் 28-உடன் நிறுத்திவிட்டார்கள்.

இங்கிலாந்துக்குப் போகிறவர்களுக்கு இரண்டே வார்த்தை. 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறவர் தவிர மற்ற மாணவர்கள் மனைவி மக்களை அழைத்துச் செல்ல முடியாது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22-உடன் நின்றுவிட்டது. இன்னும் அந்த வேலைக்கு ஸ்பான்சர்ஷிப் விற்கிறவர் இருந்தால், எதை விற்கிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவுக்குப் போவோர், நமக்குத் தெரிந்த பாதைதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகமும் இருக்கிறது. இந்தச் சட்டம் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. படிப்புக்கு அனுப்பும் கன்சல்டன்சிகள் இதற்குள் வராததால், அங்கே நம் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப் போய், மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் விற்கப்பட்ட தமிழகத்துப் பிள்ளைகளை 2022-இல் மீட்டுக் கொண்டுவந்ததும் நினைவிருக்கட்டும்.

பணம் கை மாறும் முன்

அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் குர்ஆனிலேயே நீளமானது. அது பேசுவது கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றி. அதை ஓதுகிற நாம், ஏழு லட்சத்தைத் துணிப்பையில் போட்டு ஏஜெண்டின் வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறோம். ரசீது கேட்டால் "என்ன மாமா, நம்பிக்கை இல்லையா" என்பார். நம்மாளு, நம் ஜமாஅத், மச்சினனுக்கு மச்சான் என்ற உறவெல்லாம் இருக்கட்டும். உறவு கெடாமல் இருக்கத்தான் எழுத்து. மறுக்கப்பட்டால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கல்லூரிக் கட்டணத்தை உங்கள் வங்கியிலிருந்து நேராகக் கல்லூரியின் கணக்குக்கு அனுப்புங்கள். விசா மறுக்கப்பட்டால் கல்லூரிகள் வழக்கமாகக் கட்டியவருக்குத்தான் பணத்தைத் திருப்பும். ஏஜெண்ட் கட்டியிருந்தால் அது அவரிடம் போகும். அதன் பிறகு வாங்குவது உங்கள் பாடு. பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். உம்மாவின் நகையை விற்பது கடைசி வழியாக இருக்கட்டும். விற்பதாக இருந்தாலும், விசா வந்த பிறகு கட்ட வேண்டிய பணத்துக்கு முன்கூட்டியே விற்க வேண்டாம்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த குடும்பங்கள் வெளியே சொல்வதில்லை. ஊரில் பேர் கெட்டுவிடும், பெண் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் வராது என்று மூடி வைக்கிறார்கள். அதே ஏஜெண்ட் பக்கத்துத் தெருவில் அடுத்த வீட்டைப் பிடிக்கிறார். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு ஏமாற்றுதலைக் குற்றமாகச் சொல்கிறது. முன்பு 420 என்று நாம் சொல்லிவந்தது இப்போது அங்கேதான் இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள், வங்கிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், பணம் கொடுத்த தேதிகளை நினைவிருக்கும்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஏற்கனவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டு, காகிதத்தில் தவறு இருப்பது தெரிந்தால், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவிடம் முதலில் பேசட்டும். பிறகு பதிவு பெற்ற ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ போகட்டும். இன்னொரு பொய்யைச் சொல்லி முதல் பொய்யை மறைக்கச் சொல்லும் நண்பர்களை விட்டு விலகியே இருக்கட்டும்.

இந்த விதிகளை இரண்டு மூன்று ஆண்டுகளில் பல முறை மாற்றிவிட்டார்கள், இனியும் மாற்றுவார்கள். அதனால் இந்தக் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு அப்படியே பின்பற்ற வேண்டாம். அந்த நேரத்தில் கனடா அரசின் தளத்தைத் திறந்து பாருங்கள். ஆங்கிலத்தில் வாசிக்கச் சிரமப்படுவோருக்காக நம் கல்விப் பிரிவுச் சகோதரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் அலுவலகத்தில் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். சேர்க்கைக் கடிதம், ஏஜெண்ட் தந்த கட்டண விவரம், விண்ணப்பத்தின் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். விண்ணப்பத்தின் நகலைத் தர ஏஜெண்ட் மறுத்தால், பணம் கட்டும் முன் அந்தச் செய்தியோடு வாருங்கள்.